உடம்பு வாகா, புகையா?

(கும்மிடிப்பூண்டியில் ஒரு ஞாயிறு மாலை நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீர்கள். இந்தத் தடவை நானே கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு இது. புகையிலை, புற்றுநோய், பரம்பரை. இயக்கக் கூட்டத்தில் இது எதுக்கு என்று சிலர் நினைக்கலாம். எதுக்கு என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

போன மாதம் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பொன்னேரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, எங்க தாத்தா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிச்சாரு. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனது கெடையாது. எங்க சித்தப்பா ஒரு கட்டுதான். நாப்பத்தொம்போது வயசுல நுரையீரல் புத்துநோய். அப்ப பீடியில என்னாணா இருக்குது? எல்லாம் உடம்பு வாகுதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கேள்வி கடினம் என்பதால் மட்டுமில்லை. 'உடம்பு வாகு' என்ற அந்தச் சொல்லை வேறொரு இடத்தில், வேறொரு வாயிலிருந்து கேட்டவன் நான்.

என் பெரியப்பா மகன், எனக்கு மூத்த அண்ணன், இந்த சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பர்னஸ் பக்கம் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தார். கடைசிவரைக்கும் காண்ட்ராக்ட் ஆள்தான். ஐம்பத்தொரு வயதில் இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். மருத்துவ உதவி கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு மனு போடணும். வங்கியில் தினமும் நூறு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். இதையும் நானே நிரப்பினேன். அதில் ஒரு கட்டம்: 'குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா?' பெரியப்பாவும் அதே நோயில்தான் போனார். ஒளிக்க என்ன இருக்கிறது என்று 'ஆம், தந்தைக்கு' என்று எழுதினேன். ரெண்டு வாரம் கழித்துப் பதில் சொன்னார்கள். "பீடி வேற குடிக்கிறாரு, பரம்பரையிலயும் இருக்குது. அவர் உடம்பு வாகு அப்படி. கம்பெனி என்ன பண்ணும்?"

அந்தப் படிவத்தில் அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்க இடம் இருந்தது. அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்க இடம் இல்லை. பெரியப்பாவும் பர்னஸ் ஆள்தான் தோழர்களே. அதே பட்டறைச் சூடு, அதே புகை, அதே பீடி. மகனுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போனது ரத்தத்தை மட்டுமில்லை, வேலையையும்தான். அண்ணன் எட்டு மாதத்தில் போய்விட்டார்.

அதனால்தான் இதைப் படித்தேன். நான் விஞ்ஞானி இல்லை. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு வங்கியில் நோட்டு எண்ணுகிறவன். இருந்தாலும் தம்பி கேட்டதற்கும், அந்த நிர்வாகம் சொன்னதற்கும் சேர்த்து ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

முதலில் புகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். புகையிலைப் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. 70க்கும் மேற்பட்டவை புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேரு பென்சோபைரீன். நிலக்கரி, விறகு, புகையிலை, எது அரைகுறையாக எரிந்தாலும் வருவது. இது தண்ணீரில் கரையாது. கரையாததை உடம்பு லேசில் வெளியே தள்ள முடியாது. அதனால் உடம்பிலுள்ள முதல் வரிசை நொதிகள் அதைக் கரைகிற பொருளாக மாற்றப் பார்க்கின்றன. மாற்றுகிற வழியில்தான் விபரீதம். பாதி மாறிய நிலையில் அது முன்னைவிட மோசமானதாகி, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குள் இரண்டாவது வரிசை நொதிகள் அதைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டால் தப்பித்தோம். ஒட்டிக்கொண்டுவிட்டால், அந்த இடத்தை வெட்டி எடுத்துச் சரிசெய்ய மூன்றாவது வரிசை ஒன்று இருக்கிறது. அதுவும் தவறினால் பிழை அங்கேயே தங்கிவிடும்.

செல் கண்டபடி பெருகாமல் தடுக்கிற காவல் மரபணு ஒன்று உண்டு. பி53 என்று பெயர். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அந்த மரபணு எந்தெந்த இடங்களில் அதிகமாகக் கெட்டிருக்கிறதோ, அதே இடங்களில்தான் பென்சோபைரீனின் மாறிய வடிவம் போய் ஒட்டுகிறது என்று 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016இல் வந்த இன்னொரு ஆய்வு கணக்கே போட்டது. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் ஒரு வருஷம் குடித்தால், நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 பிழைகள் சேர்கின்றன.

இப்போ பரம்பரைக்கு வருவோம். நான் சொன்ன மூன்று வரிசையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரிசையில் ஜி.எஸ்.டி.எம்.1 என்று ஒரு மரபணு. சிலருக்கு அது பிறவியிலேயே முழுதாக இல்லை. ஐரோப்பியர்களில் பாதிப்பேருக்கு இல்லை. நம் நாட்டு ஆய்வுகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இல்லாதவர்கள். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், புகையிலை போடுகிறவர்களின் வாயில் வரும் வெண்படலத்துக்கும் இப்படிப்பட்ட மரபணுக்களுக்கும் உள்ள உறவை 2000களில் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் மூன்றாவது வரிசையிலும் இப்படி ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு.

கேள்வி, எவ்வளவு வேறுபாடு என்பதுதான். அந்த ஜி.எஸ்.டி.எம்.1 இல்லாதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மற்றவரைவிடச் சுமார் 1.2 மடங்கு. அவ்வளவுதான். சிகரெட் குடிக்கிறவருக்கும் தொடாதவருக்கும் இடையே பிரிட்டனில் கண்ட வேறுபாடு 15 மடங்குக்கு மேல்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளையில் காசாளர்கள் இரண்டு பேர். ஒருத்தர் கள்ள நோட்டைத் தொட்டவுடனே கண்டுபிடிப்பார். இன்னொருத்தர் கொஞ்சம் அசந்தவர். இந்த வேறுபாடு நிஜம்தான். ஆனால் தினமும் ஒருத்தன் மூட்டை மூட்டையாகக் கள்ள நோட்டைக் கொண்டுவந்து கொட்டினால், கெட்டிக்காரக் காசாளரிடமும் நாலு நோட்டு தப்பும். அப்போது விசாரணை காசாளர்மேல் மட்டும் நடந்து, மூட்டை கொண்டுவந்தவனை யாரும் கேட்காமல் விட்டால் அதற்கு என்ன பெயர்?

அப்படி ஒரு விசாரணை உலக அளவில் நடந்திருக்கிறது தோழர்களே. 1950இல் டால், ஹில் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் கணக்கெடுத்துக் காட்டினார்கள். எதிர்த்து வந்தவர் சாதாரண ஆள் இல்லை. ரொனால்ட் ஃபிஷர். இன்றைக்குப் புள்ளியியல் படிக்கிற மாணவர்கள் அவர் பெயரைத் தாண்டாமல் பாஸ் பண்ண முடியாது. 1957, 58 ஆண்டுகளில் அவர் எழுதினார்: சிகரெட் காரணமாக இருக்க வேண்டியதில்லை, சிலருக்குப் பிறவியிலேயே ஒரு உடம்பு வாகு, அதுவே அவர்களைச் சிகரெட் பிடிக்கவும் வைக்கிறது, புற்றுநோயையும் கொடுக்கிறது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அவர் வாதம். அப்போது அவர் பிரிட்டிஷ் புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்கு ஆலோசகர். இளமையிலிருந்தே யூஜெனிக்ஸ்காரர், அதாவது உயர்ந்த பிறப்பைப் பெருக்கணும், தாழ்ந்த பிறப்பைக் குறைக்கணும் என்கிற கொள்கைக்காரர். அமெரிக்காவில் 1954இல் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் குழு அமைத்தன. அதற்கு விஞ்ஞானத் தலைவராக வந்த சி.சி. லிட்டிலும் மரபியல்காரர், அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராக இருந்தவர். புற்றுநோய்க்குப் பரம்பரைக் காரணம் தேடும் ஆராய்ச்சிக்கு அந்தக் குழு பல பத்தாண்டுகள் பணம் கொடுத்தது.

பிறப்பு என்ற வாதம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று கவனியுங்கள். பிறப்பைக் காரணமாகச் சொல்லிவிட்டால் விற்றவன், ஆலை நடத்துகிறவன், சட்டம் போட வேண்டியவன் எல்லாரும் விடுதலை. குற்றவாளி செத்தவனின் அப்பன் பாட்டன்.

ஃபிஷரின் வாதத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றே. அவர்களில் ஒருவர் புகைக்கிறார், மற்றவர் புகைக்கவில்லை என்றால்? ஃபிஷர் சொன்னது சரியென்றால் இருவருக்கும் ஆபத்து சமமாக இருக்கணும். டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளின் இரட்டையர் பதிவேடுகளை வைத்து 2017இல் ஒரு முடிவு வந்தது. அப்படிப்பட்ட ஜோடிகளில் புகைத்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைக்காதவரைவிட ஐந்து மடங்குக்கு மேல். ரத்தம் ஒன்று, வயது ஒன்று, அம்மா ஒருத்தி. வித்தியாசம் புகை மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லணும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு வேறுபாட்டை ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. நிகோடினை ஏற்கிற மூளைச் செல்லின் அமைப்போடு சம்பந்தப்பட்ட இடம் அது. ஒரு நகல் இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 1.3 மடங்கு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 1.8 மடங்கு வரை. அந்த வேறுபாடு உள்ளவர்கள் அதிகம் குடிக்கிறார்கள், ஆழமாக இழுக்கிறார்கள், விட முடியாமல் தவிக்கிறார்கள். ஃபிஷர் சொன்னது பாதி சரிதானே என்று தோன்றும். ஆனால் புகைக்காதவர்களைப் பெருந்தொகையாக எடுத்துப் பார்த்தபோது, அதே வேறுபாடு அவர்களுக்கு ஆபத்தைக் கூட்டவில்லை. நெருப்பு வைக்கிறவரைக்கும் அந்த மரபணு ஒருவரையும் ஒன்றும் செய்வதில்லை. 'என்னால விடவே முடியல' என்று சொல்கிற தோழரை நாம் கேலி பண்ணக்கூடாது என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

இப்போது தம்பியின் தாத்தாவுக்கு வருவோம். 2000த்தில் பிரிட்டனில் வந்த கணக்கு: ஆயுள் முழுக்க சிகரெட் குடிக்கிற 100 ஆண்களில், வேறு நோயில் முன்கூட்டியே சாகாவிட்டால், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயில் போகிறவர்கள் சுமார் 16 பேர். குடிக்காதவர்களில் 200 பேருக்கு ஒருவர் அளவு. அதாவது பதினாறு பேர் போனாலும் மீதி எண்பத்துநாலு பேர் நம் கண்ணெதிரே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். தாத்தா அந்த எண்பத்துநாலில் ஒருவர். அவருக்கு நல்ல காசாளர் அமைந்திருக்கலாம். பிழை விழுந்த செல் அதிர்ஷ்டவசமாகச் செத்துப் போயிருக்கலாம். ஆனால் அவரை மட்டும் வைத்துப் பீடிக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஏனென்றால் சித்தப்பாவைப் போலப் போனவர்கள் டீக்கடையில் வந்து சாட்சி சொல்வதில்லை.

அந்த எண்பத்துநாலு பேரும் தப்பித்தவர்களும் இல்லை. மாரடைப்பு, மூச்சிரைப்பு, காசநோய் என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வேந்தன் கஜலட்சுமியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. புகைக்கிறவர்கள் காசநோயில் சாகும் ஆபத்து புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று அது சொன்னது. ஐரோப்பாக்காரன் சிகரெட் குடித்தால் புற்றுநோய் என்றால், நம் சேரியில் குடித்தால் காசநோயும் சேர்ந்து வருகிறது. மரபணு மாறியதாலா? ஒரே அறையில் ஆறு பேர் படுப்பதாலும், கஞ்சி பற்றாததாலும்.

அடுத்தது சாதி. மாணவ நண்பர் ஒருவர் முன்பு கேட்டார், "ஒவ்வொரு சாதிக்கும் மரபணு வேறன்னு ஆராய்ச்சியே சொல்லுதே?" என்று. அகமணம் பல தலைமுறை நடந்தால் சில குறைபாடுகள் ஒரு குழுவுக்குள் தேங்கும், அது உண்மைதான். மயக்க மருந்தின்போது கொடுக்கும் ஒரு ஊசி மருந்தை உடைக்க முடியாத குறைபாடு வைசியர்களிடம் அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் நான் இதுவரை சொன்ன புகை சம்பந்தப்பட்ட வேறுபாடுகள் எல்லாச் சாதியிலும், எல்லா மதத்திலும், எல்லாக் கண்டத்திலும் இருக்கின்றன. கூடக்குறைய இருக்கலாம், ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. மனித மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது என்று 1972லேயே லெவொன்டின் கணக்குக் காட்டிவிட்டார். ஐதராபாத் செல் உயிரியல் ஆய்வு மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இன்னும் நமக்கு வேண்டியது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் இந்தத் துணைக்கண்டத்தில் எல்லா மக்களும் கலந்திருக்கிறார்கள். கலப்பு நின்றது அதற்குப் பிறகுதான். அதாவது சாதிக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது என்று மரபணுவே சாட்சி சொல்கிறது.

பாபாசாகேப் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத் தொட்டிருக்கிறார். சாதியை உயிரியலைக் கொண்டு காப்பாற்றப் பார்க்கிறவர்களைத் தனியாக எடுத்து வைத்து மறுத்திருக்கிறார். யூஜெனிக்ஸ் உலகம் முழுக்கச் செல்வாக்கோடு இருந்த காலம் அது. இரண்டே வருஷம் கழித்து, 1938 ஜனவரியில், நான் சொன்ன அந்த ஃபிஷர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஒரே காலத்தில் ஒருத்தர் பிறப்பு வாதத்தை இடித்துக்கொண்டிருந்தார், இன்னொருத்தர் அதற்குக் கணிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் மரபணு ஆராய்ச்சியே வேண்டாமா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். 1959இல் அவர்கள் சொன்ன முடிவு உலகத்தையே மாற்றியது. நெரிசலான வீட்டில், அரைப்பட்டினியில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும், சானட்டோரியத்தில் படுக்கையும் பாலும் முட்டையும் கிடைத்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். மருந்து ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்ந்தால் ஏழை உடம்பும் தேறும் என்று காட்டியது அந்த ஆய்வு.

அதே மையம் 1960களின் தொடக்கத்தில் இன்னொன்றைக் கவனித்தது. ஐசோநியாசிட் மாத்திரையைச் சிலர் உடம்பு சீக்கிரம் செயலிழக்கச் செய்கிறது, சிலர் உடம்பு மெதுவாக. நம் பக்கத்தில் ஐந்தில் மூன்று பேர் அளவில் மெதுவானவர்கள். இதற்குக் காரணம் நேட்2 என்கிற மரபணு. வாரம் ஒரு தடவை மட்டும் மருந்து கொடுக்கும் முறையில் சீக்கிரக்காரர்களுக்குப் பலன் குறைந்தது; தினம் கொடுத்தால் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? 'உன் உடம்பு வாகு சரியில்லை, போ' என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து மாற்றினார்கள்.

இதே நேட்2 புகையோடும் சம்பந்தப்பட்டது. புகையிலைப் புகையிலும் பழைய சாயத் தொழிற்சாலைகளிலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் அமீன்கள் உண்டு. மெதுவான உடம்புக்காரர்கள் புகைத்தால் அந்தப் புற்றுநோய் ஆபத்து ஒன்றரை மடங்கு அளவுக்குக் கூடுகிறது. 1982இல் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஆய்வு. சாயம், ரசாயன வேலை செய்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 23 பேரில் 22 பேர் மெதுவானவர்கள். 1993இல் சீனச் சாயத் தொழிலாளர்களிடம் பார்த்தபோது அப்படி வரவில்லை. பாருங்கள், ஆலைக்கு ஆலை, ரசாயனத்துக்கு ரசாயனம் மாறுகிற கணக்கு இது. ஆனால் இங்கிலாந்தில் சாவு நின்றது மெதுவானவர்களை வேலையைவிட்டு அனுப்பியதால் இல்லை. அந்த அமீனின் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1967இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள்.

எதிர்மாறான வழியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே என்ற ரயில்வே கம்பெனி, வேலையால் கை நரம்பு பாதிக்கப்பட்டது என்று ஈட்டுத்தொகை கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தை எடுத்து, அவர்களுக்குச் சொல்லாமலேயே மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. நோய் பிறவியிலேயே இருந்தது என்று காட்டிவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம் அல்லவா? 2001இல் வழக்கு வந்தது. 2002இல் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. 2008இல் அங்கே இதற்கென்றே சட்டம் வந்தது. இங்கே 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்த ரயில்வே ரத்தம் எடுத்துச் செய்ததை, என் அண்ணன் விஷயத்தில் ஒரு படிவக் கட்டம் செய்துவிட்டது.

இப்போ நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறார்கள், வார்க்கிறார்கள், வெல்டிங் வைக்கிறார்கள். மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து வரும் ஆபத்தான தொழிற்கழிவைப் புதைக்கிற இடமும் இந்த வளாகத்திலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகைப் பட்டியலில் எதையெல்லாம் வைத்திருக்கிறது? புகையிலைப் புகை. இரும்பு எஃகு வார்ப்பு வேலை. சிலிக்கா தூசி. கல்நார். 2012இல் டீசல் புகையைச் சேர்த்தது, 2013இல் மாசடைந்த வெளிக்காற்றை, 2017இல் வெல்டிங் புகையை. என் அண்ணன் உடம்பில் இவற்றில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. நிர்வாகத்தின் கண்ணில் பட்டது பீடியும் அப்பனும்தான்.

இரண்டு புகை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு. அமெரிக்காவில் கல்நார் வேலை செய்தவர்களைப் பற்றி 1979இல் வந்தது. இரண்டும் இல்லாதவருக்கு ஆபத்து 1 என்றால், கல்நார் மட்டும் 5, சிகரெட் மட்டும் 11, இரண்டும் சேர்ந்தால் 53. பரம்பரையின் 1.2ஐ இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "பீடி குடிச்சான், அதனால எங்க பொறுப்பு இல்ல" என்று ஆலைக்காரன் சொன்னால், பீடி குடிக்கிற ஆளைத் தூசியில் நிறுத்துவது இன்னும் பெரிய குற்றம் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

கடைசியாக நம்மைப் பற்றி. ஆலைக்காரனைச் சொல்லிவிட்டு நம் கையிலிருக்கும் பீடியை மறைக்க முடியாது. பீடி சின்னது, இலையில் சுற்றியது, ஒன்றும் பண்ணாது என்கிறோம். அதில் புகையிலை குறைவு. ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கணும், அதனால் தாரும் நிகோடினும் சிகரெட்டைவிடக் குறையாமல் உள்ளே போகின்றன. 2008இல் வெளியான இந்திய ஆய்வின்படி பீடி குடிக்கிற ஆண் சராசரியாக ஆறு வருஷ ஆயுளை இழக்கிறார். சிகரெட் என்றால் பத்து. ஏன் குடிக்கிறோம் என்றும் தெரியும். அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "சும்மா உக்காந்தா மேஸ்திரி திட்டுவான்டா. பீடி பத்த வச்சா பத்து நிமிஷம் விடுவான்." ஓய்வு எடுக்கிற உரிமையை ஒரு கட்டு பீடி கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் நம் இருளர் சொந்தங்களின் கதையும் வேறில்லை. ஆகவே ஓய்வு நேரம் கேட்பதும் புகையிலை ஒழிப்புதான்.

விட்டால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். நான் சொன்ன அதே பிரிட்டன் கணக்கில், 50 வயதில் விட்டவர்களுக்கு அந்த 16 என்பது 6 ஆகிறது. 40இல் விட்டால் 3. 30இல் விட்டால் 2க்கும் கீழே. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு இதைவிடக் கெட்டியான செய்தி என்னிடம் இல்லை. நல்ல மரபணுவைக் கடையில் வாங்க முடியாது. தீக்குச்சியைக் கிழிக்காமல் இருக்க முடியும்.

செய்ய வேண்டியது என்று மூன்றே மூன்று வைக்கிறேன். ஒன்று, நம் கூட்டங்களில் இனி பீடி சிகரெட் வேண்டாம். விட நினைக்கிற தோழர்களை அரசு மருத்துவமனைக்கு நாமே கூட்டிப் போவோம். இரண்டு, இந்த வட்டாரத்தில் ஐந்து வருஷத்தில் புற்றுநோயிலும் காசநோயிலும் போனவர்களின் பட்டியலைச் சேரி சேரியாக எடுப்போம். பெயர், வயது, பீடி உண்டா, எந்த வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், அப்பா என்ன வேலை. தொழில்நோய்ச் சட்டப் பட்டியலில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் ரசாயனத்தால் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதைக் கேட்டு வாங்கக்கூட, என்ன வேலை செய்தார் என்ற சான்று வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்தச் சான்றுதான் இல்லாமல் போகிறது. மூன்று, ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ 'பரம்பரையில் உண்டா' என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள், வைத்தியத்துக்கு அது வேண்டும். ஆனால் அந்த வரிக்குக் கீழேயே, கேட்காவிட்டாலும், அப்பா எங்கே என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

நான் அதை எழுதாமல் விட்டேன். பட்டியலுக்கான நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரியப்பாவையும் அண்ணனையும் எழுதிவிட்டேன். தம்பி, அடுத்து உங்க சித்தப்பாவை எழுதுங்க.